பக்கவிளைவு என்ற சொல்லும் ஒரு தறிக்குழியும்

1

பக்கவிளைவு என்று எழுதுகிறோம், பேசுகிறோம். எதன் பக்கத்தில் என்று யாரும் கேட்பதில்லை. மருந்துக்கென்று மையமான வேலை ஒன்று இருக்கிறது, அதைச் செய்துகொண்டு போகும் வழியில் ஓரத்தில் சிந்துவதெல்லாம் பக்கவிளைவு என்று மருத்துவச் சொல்லாடல் நம்மைப் பழக்கிவைத்திருக்கிறது. மையத்தையும் ஓரத்தையும் பிரிக்கிற கோட்டை மருந்து சாப்பிடுகிறவர் போடுவதில்லை.

ஆரணிப் பட்டுப்புடவைக்கு உடல் என்றும் கரை என்றும் பாகங்கள் உண்டு. இரண்டும் வேறு வேறு நிறமாக இருந்தால் கோர்வை போட வேண்டும். உடலுக்கு ஓடும் ஊடையும் கரைக்கு ஓடும் ஊடையும் தனித்தனி நாடாவில் வந்து, சேருகிற இடத்தில் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வேண்டும். நாள் முழுக்க நெய்தாலும் சாணளவுக்குத்தான் ஏறும் வேலை அது. கோர்வை விட்டுப்போன புடவையை முதலாளி தூக்கி எறிவார், கூலியில் பிடிப்பார். கரை ஓரத்தில் இருக்கிறது என்பதற்காக அதைச் சில்லறைச் சமாசாரமாக எந்த நெசவாளியும் பேசி நான் கேட்டதில்லை.

என் பெரியம்மா 1998இல் மார்பகப் புற்றுநோய்க்காரியானார். 2022இல் இறந்தார். இடைப்பட்ட 24 வருஷங்களில் அவர் உடலுக்குள் போன மருந்துகளின் பெயர்களை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிவைத்திருந்தேன். வீட்டில் படித்தவள் நான் ஒருத்திதான், பெண்ணாகவும் இருந்தேன். ஆஸ்பத்திரியில் மார்பைப் பற்றிப் பேச ஆண்பிள்ளையை அனுப்ப முடியாது என்று பெரியப்பா சொல்லிவிட்டதால் கூடப் போகும் வேலை எனக்கு வந்தது. அந்த நோட்டை இப்போது எடுத்துப் புரட்டும்போது ஒன்று தெரிகிறது. மருந்தின் பெயர், தேதி, விலை எல்லாம் இருக்கின்றன. அந்த மருந்து வந்த பிறகு பெரியம்மா எந்த வேலையைச் செய்ய முடியாமல் போனார் என்பதை நான் எழுதவில்லை. மருத்துவரின் கோப்பிலும் அது இருந்திருக்காது. இந்தக் கட்டுரை அந்த விடுபடலைப் பற்றியது.

2

மருந்தின் வரலாற்றைச் சாயப்பட்டறையிலிருந்து தொடங்குவது ஆரணிக்காரிக்கு நியாயம்தான். தொடங்கியதும் அங்கேதான்.

1856இல் லண்டனில் வில்லியம் பெர்கின் என்ற 18 வயதுப் பையன் மலேரியாவுக்கான கொய்னாவைச் செயற்கையாகத் தயாரிக்க முயன்றான். காலனி நாடுகளில் சிப்பாய்களும் அதிகாரிகளும் மலேரியாவில் செத்துக்கொண்டிருந்த காலம். கொய்னா வரவில்லை. கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கசடு வந்தது. துணியில் தேய்த்தால் போகவில்லை. அவன் அதைப் பட்டில் தோய்த்துப் பார்த்தான். முதல் செயற்கைச் சாயம் அப்படிப் பட்டின் மேல்தான் ஏறியது. மருந்தைத் தேடிப் போனவன் சாயத்தோடு திரும்பினான். அதன்பின் 1869இல் மஞ்சிட்டியின் சிவப்பைத் தரும் அலிசரினையும் ஆய்வகத்தில் செய்தார்கள். நம் சோழமண்டலக் கரையில் சாயவேரைத் தோண்டிப் பிழைத்தவர்களின் கதை அங்கே முடியத் தொடங்கியது. அதைத் தனியாக எழுத வேண்டும்.

அடுத்த கட்டத்தில் சாயத்திலிருந்து மருந்து வருகிறது. ஜெர்மனியில் பால் எர்லிக், சாயங்கள் சில செல்களில் மட்டும் ஏறி மற்றவற்றில் ஏறாமலிருப்பதைக் கவனித்தார். பட்டில் பிடிக்கிற சாயம் பருத்தியில் பிடிக்காது என்பது எந்தச் சாயக்காரருக்கும் தெரியும். எர்லிக் அதை உடலுக்குள் கொண்டுபோனார். நோய்க்கிருமியில் மட்டும் ஏறி மனிதச் செல்லை விட்டுவிடுகிற ஒரு நஞ்சு கிடைத்தால்? 1891இல் மெதிலீன் நீலம் என்ற சாயத்தை மலேரியா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். ‘கீமோதெரபி’ என்ற சொல்லை உண்டாக்கியவரும் அவரே. 1910இல் சந்தைக்கு வந்த அவருடைய சால்வர்சானைத் தயாரித்த ஹோக்ஸ்ட், ஒரு சாயக் கம்பெனி.

ஆக கீமோதெரபி என்பதற்குள் தொடக்கத்திலேயே ஒரு வாக்குறுதி இருந்தது: எதில் பிடிக்க வேண்டுமோ அதில் மட்டும் பிடிக்கும். பக்கவிளைவு என்ற கருத்தாக்கத்துக்கு இந்த வாக்குறுதிதான் தாய். குறி தவறாத தோட்டா என்று முதலில் ஒன்றைக் கற்பனை செய்தால்தான் குறி தவறியதைப் ‘பக்கம்’ என்று சொல்ல முடியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1895இல் பிராங்க்பர்ட்டில் லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர் சாயத் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்குச் சிறுநீர்ப்பையில் புற்று வருவதை எழுதினார். சாயத்திலிருந்து மருந்து, சாயத்திலிருந்தே புற்று. இந்த இரண்டு வரலாறுகளும் வேறு வேறு புத்தகங்களில் இருக்கின்றன. முதலாவது விஞ்ஞான வரலாறு என்ற அலமாரியில். இரண்டாவது தொழிலாளர் நலம் என்ற அலமாரியில், யாரும் எடுக்காமல்.

3

பெரியம்மாவுக்கு 1998இல் முதலில் நடந்தது அறுவை. இடது மார்பும் அக்குளின் நிணநீர்க் கணுக்களும் போயின.

மார்போடு நெஞ்சுத் தசையையும் கணுக்களையும் சேர்த்து அகற்றுகிற முறையை அமெரிக்காவின் வில்லியம் ஹால்ஸ்டட் 1880களில் தொடங்கினார். 1894இல் 50 பேரின் விவரத்தை வெளியிட்டார். அதன்பின் முக்கால் நூற்றாண்டு, எவ்வளவுக்கு வெட்டுகிறோமோ அவ்வளவுக்கு நல்லது என்பதே வைத்தியம். 1971இல் பெர்னார்டு பிஷர் தொடங்கிய ஒப்பாய்வு, ஹால்ஸ்டட் முறையில் வெட்டப்பட்டவர்கள் கூடுதலாகப் பிழைக்கவில்லை என்று காட்டியது. அதுவரை வெட்டப்பட்ட பெண்களின் தசைக்கு யார் கணக்கு வைத்தார்கள்? ரோஸ் குஷ்னர் என்ற பத்திரிகையாளர் 1970களில் இந்தக் கேள்வியைக் கேட்டபோது அறுவை மருத்துவர்கள் அவரைக் கூச்சலிட்டு அடக்கப் பார்த்தார்கள். ஆட்ரி லார்ட் தன் ‘கேன்சர் ஜர்னல்ஸ்’ நூலை 1980இல் எழுதினார். துணி அடைத்த பொய் மார்பை வைத்துக்கொள்ளச் சொன்னதை மறுத்த கறுப்பினக் கவிஞர் அவர். அந்தப் பொய் மார்பு யாருடைய கண்ணுக்காக என்பது அவருடைய கேள்வி.

நம்மிடம் மார்பைத் திருகி எறிந்து மதுரையை எரித்தவள் இருக்கிறாள். மேடையில் அவளைப் பேசாத தமிழ்ப் பேச்சாளர் இல்லை. ஆனால் ஒரு கட்டியைப் பற்றி வீட்டில் சொல்ல என் பெரியம்மாவுக்கு எட்டு மாதம் ஆயிற்று. “இத்த போய் எப்டிமா ஆம்பளகிட்ட சொல்றது” என்றார். எட்டு மாதத்தில் நெல்லிக்காய் எலுமிச்சையாகியிருந்தது.

அறுவைக்குப் பிறகு இடது கை வீங்கத் தொடங்கியது. கணு இல்லாத கையில் நிணநீர் வடிய வழியில்லை. குழித்தறியில் உட்கார்ந்தால் ஒரு கை நாடாவை ஓட்ட, மறு கை பலகையை அடிக்க, கால் மிதியில் இருக்க வேண்டும். பலகை அடிக்கிற கை அது. இரண்டு அங்குலம் நெய்தால் கை குடம் மாதிரி ஆகிவிடும். மருத்துவர் நல்லவர்தான். “கனமான வேலை செய்யக்கூடாது” என்று சொன்னார், அதோடு நிறுத்திக்கொண்டார். பலகை கனமா இல்லையா என்று எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை. அந்த வருஷத்தோடு பெரியம்மா தறியிலிருந்து எழுந்துவிட்டார். அதற்குப் பிறகு பாவு பிணைக்கும் வேலைதான். ஒரு பாவு தீர்ந்ததும் பழைய பாவின் நுனிகளோடு புதுப் பாவின் நுனிகளை ஒவ்வொன்றாக விரலில் சாம்பல் தொட்டு முறுக்கி இணைப்பது. சில ஆயிரம் இழைகள். கண்ணைவிட விரல் நுனிக்குத்தான் அந்த வேலை தெரியும்.

4

1998இல் ஏறிய மருந்துகள் மூன்று. அவற்றில் சைக்ளோபாஸ்பமைடு, விஷவாயு வம்சத்தில் வந்தது. முதல் உலகப்போரில் பயன்பட்ட மஸ்டர்டு வாயுவின் உறவான நைட்ரஜன் மஸ்டர்டை 1942இல் யேல் பல்கலைக்கழகத்தில் குட்மன், கில்மன் இருவரும் நிணநீர்ப் புற்று நோயாளி ஒருவருக்கு ஊசியாகப் போட்டார்கள். யுத்த ரகசியம் என்பதால் 1946 வரை வெளியிடவில்லை. இடையில் 1943 டிசம்பர் 2 அன்று இத்தாலியின் பாரி துறைமுகத்தில் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டன. அங்கே நின்ற அமெரிக்கக் கப்பல் ஜான் ஹார்வியில் ரகசியமாக மஸ்டர்டு குண்டுகள் இருந்தன. கப்பல் வெடித்து, கடலில் நீந்தியவர்களும் கரையிலிருந்தவர்களும் செத்தார்கள். அவர்களைச் சோதித்தபோது ரத்தத்தில் வெள்ளையணுக்கள் அழிந்திருந்தன. வேகமாகப் பெருகும் செல்லை இந்த நஞ்சு கொல்லும் என்பது சடலங்களிலிருந்து மறுபடி உறுதியாயிற்று. அந்த வம்சத்தில் ஜெர்மனியில் 1958இல் பிறந்த பிள்ளை சைக்ளோபாஸ்பமைடு. மயிர்க்கால், குடல் உட்சுவர், எலும்பு மஜ்ஜை இவையெல்லாமும் வேகமாகப் பெருகும் செல்கள் என்பதால் முடி கொட்டுகிறது, வாய் புண்ணாகிறது, வெள்ளையணு இறங்குகிறது. புற்றைக் கொல்லும் அதே செயல்தான் இங்கும் நடக்கிறது. எது மையம், எது பக்கம்?

இரண்டாவது டாக்சோரூபிசின். இத்தாலியில் அதே பாரி நகரம் இருக்கிற மாநிலத்தில் காஸ்டல் டெல் மோன்டே என்ற கோட்டைப் பக்கத்து மண்ணில் கிடைத்த நுண்ணுயிரின் வழியில் வந்தது. மாணிக்கச் சிவப்பு. ஏட்ரியாடிக் கடலின் பெயரால் ஏட்ரியாமைசின் என்றும் பெயர். பாட்டிலிலிருந்து குழாய் வழி அது இறங்குவதைப் பார்த்துப் பெரியம்மா, “நம்ம அரக்குக் கலர்மா இது” என்றார். புடவைக்கார மூளை. மறுநாள் மூத்திரம் சிவப்பாகப் போனதும் ரத்தம் என்று நினைத்து அலறினார். அது மருந்தின் நிறம், ஒன்றிரண்டு நாளில் போய்விடும். முன்கூட்டிச் சொல்லியிருந்தால் அந்த ராத்திரி எங்களுக்கு மிச்சமாகியிருக்கும். மூத்திரத்தின் நிறம் ஆபத்தில்லாதது. இதே மருந்தின் உண்மையான ஆபத்து கண்ணுக்குத் தெரியாமல் இருதயத்தில் சேருகிறது. வாழ்நாள் முழுக்கக் கொடுத்த மொத்த அளவு ஒரு வரம்பைத் தாண்டினால் இருதயத் தசை தளர்ந்துவிடும். அதனால்தான் பழைய சீட்டுகளைத் தொலைக்கக்கூடாது. பின்னால் எந்த மருத்துவரிடம் போனாலும் முதல் கேள்வி, இந்தச் சிவப்பு மருந்து எத்தனை தடவை ஏறியது என்பதாக இருக்க வேண்டும்.

அறுவைக்குப் பிறகு, கண்ணுக்குத் தெரிய நோயில்லாத பெண்ணுக்கும் நஞ்சு கொடுப்பது என்ற யோசனை மிலானில் ஜியான்னி போனடோனா 1973இல் தொடங்கி 1976இல் வெளியிட்ட ஆய்வோடு நிலைபெற்றது. நோய் திரும்புவது கணிசமாகக் குறைந்தது. இதை மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது. நவீன மருத்துவ எதிர்ப்பு என்ற பெயரில் நம் சிறுபத்திரிகை நண்பர்கள் சிலர் இவற்றை மேலை விஞ்ஞானத்தின் வன்முறை என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். என் பெரியம்மா அந்த வன்முறையால் 24 வருஷம் இருந்தார், பேரன் கல்யாணத்தில் பந்தி பரிமாறினார். கருவாட்டுக் கடையில் பத்தியம் எழுதிக்கொடுத்த ஒரு மூலிகைக்காரரிடம் போயிருந்தால் இருந்திருக்கமாட்டார். விமர்சனம் இங்கிருந்துதான் தொடங்க முடியும்.

இன்னொரு திசையையும் ஞாபகப்படுத்த வேண்டும். 1923இல் தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி 1954இல் அடையாறில் 12 படுக்கையோடு மருத்துவமனையைத் தொடங்கினார். அதற்கு ஆதரவு கேட்டபோது, புற்று வந்தால் சாகத்தானே போகிறார்கள், எதற்கு ஆஸ்பத்திரி என்ற ரீதியில் பதில் வந்ததாக டாக்டர் சாந்தா பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். சாகப்போகிறவளின் வலியையே கணக்கில் எடுக்காத காலம் அது. பக்கவிளைவைப் பற்றிப் புகார் சொல்ல முதலில் பிழைத்திருக்க வேண்டும். நான் இதை எழுதுவதற்கே அந்தப் பன்னிரண்டு கட்டில்கள் காரணம்.

5

1999இல் தமாக்சிபென் வந்தது. சின்ன வெள்ளை மாத்திரை, ஐந்து வருஷம்.

மறுபடியும் சாயம்தான். 1926இல் நான்கு கம்பெனிகள் சேர்ந்து ஐ.சி.ஐ. ஆனபோது அவற்றில் ஒன்று பிரிட்டிஷ் சாயக் கம்பெனி. ஐ.சி.ஐ.யின் மருந்துப் பிரிவு மான்செஸ்டர் பக்கத்துச் சாயப் பிரிவுக்குள்ளிருந்து முளைத்தது. அந்தப் பிரிவின் ஆய்வகத்தில் 1962இல் டோரா ரிச்சர்ட்சன் என்ற வேதியியலாளர் தமாக்சிபெனைத் தயாரித்தார். ஆர்தர் வால்போல் தலைமையிலான குழுவின் நோக்கம் கருத்தடை மாத்திரை. எலிக்குக் கரு தங்கவில்லை. பெண்களுக்கோ நேர்மாறாகக் கருமுட்டை வெளிவரத் தூண்டியது. கருத்தடைக்குத் தோற்ற மருந்தை 1971இல் மான்செஸ்டர் கிறிஸ்டி மருத்துவமனையில் முற்றிய மார்பகப் புற்றுள்ள 46 பெண்களுக்குக் கொடுத்தார்கள். 10 பேருக்குக் குணம் தெரிந்தது. இதற்கான அடிப்படை 1896 முதலே இருந்தது. கிளாஸ்கோவின் ஜார்ஜ் பீட்சன் சினைப்பைகளை எடுத்துவிட்டால் சில பெண்களின் மார்புப் புற்று சுருங்குகிறது என்று எழுதியிருந்தார். பீட்சன் கத்தியால் செய்ததை மாத்திரை வேறு விதத்தில் செய்தது.

ஒரு மாத்திரை ஒரே உடலில் மார்பில் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கிறது, கருப்பையில் ஈஸ்ட்ரோஜனைப் போலவே நடந்துகொள்கிறது. அதனால் 1996இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்று ஆய்வு அமைப்பு தமாக்சிபெனைக் கருப்பை உட்சுவரில் புற்றை உண்டாக்கக்கூடியது என்று வகைப்படுத்தியது. இன்னொரு மார்பில் புற்று வருவதைக் குறைக்கிறது என்பதையும் சேர்த்தே சொன்னது. மாதவிடாய் நின்றவர்களுக்குக் கருப்பை அபாயம் கூடுதல், ஆனாலும் மொத்தத்தில் அரிது. பெரும்பாலானோருக்கு நன்மைதான் பெரிது. நின்ற பிறகு ரத்தம் பட்டால் உடனே காட்ட வேண்டும் என்ற ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியம் பெரியம்மாவுக்குச் சொல்லப்பட்டது ஆங்கிலத்தில், நான் மொழிபெயர்த்தேன். அதுவும் என்ன மொழிபெயர்ப்பு! கூச்சத்தில் பாதியை விழுங்கிவிட்டேன்.

நம் நாட்டில் இதற்கு ஒரு கிளைக்கதை உண்டு. தமாக்சிபெனுக்கு உறவான சென்ட்குரோமனை லக்னோவின் மத்திய மருந்து ஆய்வு நிறுவனம் கண்டுபிடித்தது. 1990களின் தொடக்கத்தில் ‘சஹேலி’ என்ற கருத்தடை மாத்திரையாக வந்தது. அந்த வருஷங்களில் பெண்கள் அமைப்புகள் கருத்தடை மருந்துகளின் பக்கவிளைவுகளைப் பற்றித் தெருவுக்கு வந்திருந்தன. நெட்-என் ஊசியை ஒப்புதல் புரியவைக்காமல் போட்டுப் பார்ப்பதை எதிர்த்து ஐதராபாத்தின் ஸ்த்ரீ சக்தி சங்கடனா 1986இல் உச்ச நீதிமன்றம் போயிற்று. மக்கள்தொகை அரசியல் என்று நமக்குப் புரிந்தது. புற்று மருந்தின் பக்கவிளைவு மட்டும் ஏன் எந்த இயக்கத்தின் துண்டறிக்கையிலும் வரவில்லை? உயிரைக் காப்பாற்றுகிற மருந்து என்பதால் அதைக் கேள்வி கேட்பது நன்றிகெட்டதனமாகப் பட்டிருக்கலாம். நன்றி என்பது நோயாளிகளிடம் எதிர்பார்க்கப்படும் ஒழுக்கம்.

தமாக்சிபென் பெரியம்மாவுக்குச் செய்தது ஒன்றுதான். குப்பென்று நெஞ்சிலிருந்து முகத்துக்குச் சூடு ஏறும், தலையோடு வியர்க்கும், இரண்டு நிமிஷத்தில் அடங்கும். நாளைக்குப் பத்துத் தடவை. தறி வீட்டில் இழை காற்றில் அலையும் என்று மின்விசிறி போடமாட்டார்கள். பாவின் மேல் குனிந்திருக்கும்போது ஒரு சொட்டு வியர்வை பட்டில் விழுந்தால் கறை. அதற்காகத் தோளில் ஈரத்துண்டு, மடியில் காய்ந்த துண்டு என்று இரண்டு வைத்திருப்பார். மாத்திரை வேண்டாம் என்று ஒருமுறை நிறுத்திவிட்டார். “மாத்தர துன்னா வேல ஆவாது, வேல செஞ்சா மாத்தர துன்ன முடியாது, நான் இன்னாதான் பண்றது சொல்லு.” நான் ராத்திரி சாப்பிடச் சொன்னேன். சூடு அடங்கிற்றோ, பழகிற்றோ, 2004 வரை சாப்பிட்டுவிட்டார்.

6

2017இல் எலும்பில் திரும்பி வந்தது. 2018இல் வாராவாரம் பக்ளிடாக்சல்.

அமெரிக்காவின் மேற்குக் கரைக் காட்டில் ஊ என்ற மரத்தின் பட்டையை 1962இல் சேகரித்தார்கள். அதிலிருந்து மன்ரோ வால், மான்சுக் வானி இருவரும் பிரித்தெடுத்த பொருளின் அமைப்பை 1971இல் வெளியிட்டார்கள். வானி மகாராஷ்டிரத்தின் நந்துர்பாரில் பிறந்தவர். 1979இல் சூசன் ஹார்விட்ஸ் அது எப்படி வேலை செய்கிறது என்று கண்டார். செல் இரண்டாகப் பிரியும்போது உள்ளே நுண்குழல்கள் இழைகளாக நீண்டு, வேலை முடிந்ததும் கலைய வேண்டும். பாடப்புத்தகத்தில் கதிர் இழைகள் என்று பெயர், நம் ராட்டைக் கதிரேதான். இந்த மருந்து அந்த இழைகளைக் கலையவிடாமல் விறைக்கவைக்கிறது. செல் பிரிய முடியாமல் சாகிறது. ஆனால் நரம்புச் செல்லின் நீண்ட வாலுக்குள் சரக்குப் போக்குவரத்து நடப்பதும் இதே நுண்குழல்களின் மேல்தான். மிக நீளமான நரம்புகள் முதலில் அடிபடுகின்றன: கால்விரல் நுனி, கைவிரல் நுனி.

எட்டாவது வாரம் பெரியம்மா பாவு பிணைக்க உட்கார்ந்தார். சாம்பல் தொட்டார். இழையை எடுத்தார். “கையில கீதா இல்லியான்னே தெர்லமா. பாத்தா கீது, தொட்டா இல்ல.” இருநூறு இழை பிணைத்தவர் அதில் பாதி முறுக்கு நிற்காமல் விட்டுப்போனதைப் பார்த்தார். அந்தப் பாவை வேறொருத்தி வந்து முதலிலிருந்து பிணைத்தாள். பெரியம்மா அன்று கூலி வாங்கவில்லை. பிறகு யாரும் கூப்பிடவில்லை.

ஆஸ்பத்திரியில் விரல் மரப்பு எவ்வளவு என்று கேட்டார்கள். உலகம் முழுக்க இதற்கு ஒரு தரப்பட்டியல் இருக்கிறது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் வகுத்தது, ஒன்று முதல் ஐந்து வரை. அன்றாட வேலைகளுக்கு இடைஞ்சல் என்றால் இரண்டு, குளிக்க உடுத்த உண்ண முடியாவிட்டால் மூன்று. அன்றாட வேலை என்பதற்குப் பட்டியலில் உதாரணங்களும் உண்டு. சமைப்பது, கடைக்குப் போவது, தொலைபேசியைப் பயன்படுத்துவது, பணத்தைக் கையாள்வது. கூலிக்குச் செய்யும் வேலை அந்த உதாரணங்களில் இல்லை. இதே நோக்கில் தயாரான ஒரு கேள்வித்தாள் சட்டைப் பொத்தான் போடச் சிரமமா என்று கேட்கிறது. பெரியம்மாவின் ரவிக்கைக் கொக்கியை மருமகள் மாட்டிவிட்டாள், சோறு அவரே ஆக்கினார். சீட்டில் இரண்டு என்று விழுந்தது. மருந்தின் அளவைக் கொஞ்சம் குறைத்தார்கள், தொடர்ந்தார்கள். அந்தப் படிநிலையில் அதுதான் முறை. நான் மருத்துவரைக் குறை சொல்லவில்லை.

நான் சொல்வது வேறு. அந்த இரண்டு என்ற எண்ணுக்குள் நாற்பது வருஷத் தொழில் ஒன்று மறைந்தது. அது எந்த ஆய்விலும் ‘தாங்கிக்கொள்ளக்கூடிய பக்கவிளைவு’ என்ற பத்தியில்தான் சேரும். அறிவைப் பற்றி மூன்று வருஷம் வாசகர் வட்டத்தில் பூக்கோ படித்தோம், மருத்துவப் பார்வை உடலை எப்படிப் பொருளாக்குகிறது என்று. அதை வைத்து நான் எழுதியிருக்கக்கூடிய கட்டுரை இப்படி இருந்திருக்காது. பார்வை எதைப் பொருளாக்கியது என்பதைவிட, அதன் படிவத்தில் எந்த வரி அச்சிடப்படவே இல்லை என்பதுதான் இங்கே கேள்வி. ‘நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?’ என்று ஒரு வரி. தொழில் என்ற கட்டம் இருந்தது, அதில் ‘இல்லத்தரசி’ என்று எழுதியிருந்தார்கள். எழுதியவர்கள் கேட்காமல் எழுதினார்கள். கூட இருந்த நானும் திருத்தவில்லை.

7

2020இல் கேப்சிடபைன். வாயில் போடுகிற மாத்திரை, அலைச்சல் மிச்சம். 1957இல் சார்லஸ் ஹைடல்பெர்கர் வெளியிட்ட புளூரோயூராசில் என்ற பழைய மருந்தாக உடலுக்குள் மாறக்கூடியது. உள்ளங்கையும் பாதமும் சிவந்து, தடித்து, உரியும். ரேகை தேய்ந்து மழுங்கும். சிங்கப்பூர்க்காரர் ஒருவர் இதைச் சாப்பிட்டுவந்த காலத்தில் அமெரிக்க விமான நிலையத்தில் கைரேகை இல்லாமல் நான்கு மணி நேரம் நிறுத்தப்பட்டார் என்று 2009இல் ஒரு மருத்துவ இதழில் கடிதம் வந்தது. பத்திரிகைகள் அதை வேடிக்கைச் செய்தியாகப் போட்டன.

2020 அக்டோபரில் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் கைரேகை வைக்கும் முறை வந்தது. பெரியப்பா போய்விட்டார், மகன் தனி அட்டை. பெரியம்மா தன் அட்டைக்குத் தானே விரல் வைக்க வேண்டும். கட்டை விரல், ஆள்காட்டி விரல், பத்து விரலும் வைத்தாயிற்று. கருவி ஏற்கவில்லை. கடைக்காரர் நல்ல மனுஷன், துடைத்துத் துடைத்துப் பார்த்தார், “பாட்டி, தேங்கா எண்ண தடவிகினு நாளைக்கு வா” என்றார். மறுநாளும் இல்லை. வரிசையில் நின்ற ஒருத்தி, “நெசவுக்காரங்க கைன்னா அப்படித்தான் தேஞ்சிபூடும்” என்றாள். தேய்ந்தது நெசவால் இல்லை என்று அங்கே யாரிடம் விளக்குவது? மூன்று மாதம் என் அட்டை அரிசி அவர் வீட்டுக்குப் போயிற்று. பிறகு வேறு வழியில் சரியானது.

கையைத் திருப்பிக் காட்டி அவர் சிரித்ததை மறக்க முடியவில்லை. “அழிச்சி எழுதிட்டாங்கமா.”

8

விலையைப் பற்றிச் சுருக்கமாகத்தான் சொல்ல முடியும், அது தனிப் புத்தகம். தமாக்சிபென் சில ரூபாய்க்குக் கிடைத்ததற்கு 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் காரணம். அந்தச் சட்டத்துக்கு அடிப்படையான 1959ஆம் வருஷ அறிக்கையை எழுதியவர் நீதிபதி ராஜகோபால அய்யங்கார். மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது, செய்முறைக்கு மட்டும் என்றது சட்டம். 2005இல் அது மாறியது. மாறிய சட்டத்திலும் தப்பிய 3(ஈ) பிரிவை வைத்துத்தான் 2006இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் ரத்தப்புற்று மருந்தான கிளிவெக்கை நிராகரித்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. மார்பகப் புற்றில் ஒரு வகைக்கான டிராஸ்டுசுமாப் 1998இல் அமெரிக்காவில் வந்தது. இங்கே பெண்கள் பிரச்சாரம் செய்த பிறகு 2013இல் ரோச் கம்பெனி காப்புரிமையைக் கைவிட்டது. இப்போது ரிபோசிக்ளிப். கட்டுப்படியாகாத விலையை எதிர்த்துக் கேரள உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்ட பெண் 2022இல் வழக்கு முடியுமுன்னே இறந்தார். நீதிமன்றம் தானாக எடுத்து நடத்தியது.

இந்த வழக்குகளை நாம் கவனிக்கிறோம், எழுதுகிறோம். மருந்து எட்டாத கையைப் பற்றி நம்மிடம் மொழி இருக்கிறது. மருந்து எட்டிய பின் அந்தக் கை என்னவாயிற்று என்பதற்கு மொழி குறைவு. 2009இல் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டமும் 2012இல் பெயர் மாறித் தொடர்ந்த திட்டமும் ஊசிக்குப் பணம் கொடுத்தன. பெரியம்மாவின் இரண்டாவது சுற்று வைத்தியமே அதில்தான் நடந்தது. விரல் போனதற்குக் கொடுக்கிற திட்டம் எது? தறியில் விபத்து என்றால் ஏதாவது கேட்கலாம். இது விபத்துமில்லை.

பக்கத்துத் தெருவில் எனக்குத் தங்கை முறை ஒருத்தி இருக்கிறாள். போன வருஷம் அறுவை, இப்போது லெட்ரோசோல் மாத்திரை சாப்பிடுகிறாள். இது ஈஸ்ட்ரோஜன் உண்டாவதையே நிறுத்துவது. மூட்டுவலியும் எலும்புத் தேய்வும் இதன் விளைவுகள். அவள் இன்னும் குழித்தறியில் மிதி போடுகிறாள். ஒரு நாள் முட்டியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: “யக்கா, இந்த வலி மாத்தரயாலயா, தறியாலயா?” எனக்குத் தெரியாது என்றேன். அடுத்த வாரம் கூடப் போகிறேன் என்றும் சொன்னேன். புது நோட்டு ஒன்று வாங்கியிருக்கிறேன். முதல் பக்கத்தில் மருந்தின் பெயருக்கு முன்னால் எழுதியிருப்பது: குழித்தறி, கோர்வைப் புடவை, நாளுக்கு எட்டு மணி நேரம், இரண்டு காலும்.